கோட்டில் பிடித்த முகம்

1917ஆம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ரோம் நகரில் சில நாட்கள் தங்கிவிட்டு, ரஷ்ய இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி சுவிட்சர்லாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். எல்லை ஊரான கியாஸோவில் ராணுவ அதிகாரிகள் அவருடைய பெட்டிகளைச் சோதித்தபோது ஒரு காகிதம் அகப்பட்டது. ரோமில் பாப்லோ பிக்காசோ வரைந்து கொடுத்த ஸ்ட்ராவின்ஸ்கியின் முகம் அது. அதிகாரிகள் நம்பவில்லை. ஏதோ ராணுவ இடத்தின் வரைபடம் என்று சந்தேகப்பட்டார்கள். ஆமாம், என் முகத்தின் வரைபடம்தான் என்று அவர் சொல்லிப் பார்த்தும் எடுபடவில்லை. கடைசியில் அந்தத் தாள் ரோமுக்கே திரும்பி, பிரிட்டிஷ் தூதரகத்தில் இருந்த நண்பர் ஒருவரின் உதவியால் தூதரகப் பையில் ஏறி வெளியே வந்தது. ஸ்ட்ராவின்ஸ்கி தம் சுயசரிதையிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஒரு தாளுக்காக இத்தனை பாடு ஏன்? அச்சில் வந்த படமாக இருந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். புகைப்படமாக இருந்தால் மறுபடி கழுவி எடுக்கலாம். இது அப்படியல்ல. ஒரு கலைஞர் ஒரு மனிதரின் எதிரில் உட்கார்ந்து, அவரைப் பார்த்தபடியே இழுத்த கோடுகள் அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கின்றன. மையிலும் பென்சிலிலும் வரைந்த அசல் முக ஓவியங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் சேர்ப்பது இதைத்தான்: இரண்டு பேர் எதிரெதிரே செலவழித்த கொஞ்ச நேரத்தின் ஒரே பதிவு.

எண்ணெய் வண்ண ஓவியத்தில் தவறினால் அதன்மேல் இன்னொரு பூச்சு பூசிவிடலாம். நிப்பிலிருந்து மை தாளில் இறங்கிவிட்டால் அழிப்பது கடினம். பென்சிலில் அழிக்கலாம், ஆனால் அழித்த தடமும் தாளில் தங்கிவிடும். கை எங்கே தயங்கியது, எங்கே துணிந்து ஒரே இழுப்பில் தாடையை முடித்தது, கண்ணுக்கு எத்தனை முறை திரும்பி வந்தது என்பதெல்லாம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். ஓவியரின் கை இவ்வளவு திறந்து தெரிகிற வடிவம் வேறில்லை.

நவீன முக ஓவியங்களின் வேர் சற்றுப் பழையது. பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் ரோமில் வாழ்ந்த காலத்தில், 1815இல் நெப்போலியனின் ஆட்சி கவிழ்ந்ததும் அவருக்கு வேலை கொடுத்துவந்த பிரெஞ்சு அதிகாரிகள் ஊரைவிட்டுப் போனார்கள். வருமானத்துக்கு அவர் ரோமுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளைப் பென்சிலில் வரைந்தார். தாம் பெரிய வரலாற்று ஓவியர் என்பதே அவருடைய எண்ணம். இந்தச் சிறு படங்களால் பெயர் பெறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் வாழ்நாளில் வரைந்த நானூறுக்கும் மேற்பட்ட பென்சில் முகங்கள்தான் பின்னால் வந்த ஓவியர்களுக்குப் பாடமாயின. உருவங்களை உடைத்து வரையும் கியூபிஸத்தின் நடுவில் இருந்த பிக்காசோ, 1915இல் கவிஞர் மாக்ஸ் ஜாக்கோபையும் ஓவிய வணிகர் வொல்லாரையும் பென்சிலில் வரைந்தபோது ஆங்க்ரின் வழிக்குத்தான் திரும்பினார். வொல்லார் படம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1954இல் பிரெஞ்சு நாணயச் சாலை ஒரு பதக்கத்துக்காக ஓவியர் மத்தீஸை வரையும்படி சிற்பியும் ஓவியருமான ஜியாக்கொமெட்டியிடம் கேட்டது. மத்தீஸ் அப்போது உடல் தளர்ந்திருந்தார். அதே ஆண்டு நவம்பரில் இறந்துபோனார். கோடைக்காலத்திலும் செப்டம்பரிலும் ஜியாக்கொமெட்டி அவர் முன்னால் உட்கார்ந்து வரைந்த பென்சில் படங்கள் மிஞ்சின. ஜியாக்கொமெட்டிக்கு அழிப்பான் என்பது தவறைத் திருத்தும் பொருள் அல்ல. வரைந்த கோடுகளின் குறுக்கே அதை இழுத்து, முகத்தில் வெளிச்சத்தைத் திறந்துவிடுவார். பென்சிலுக்குச் சமமான கருவி அது.

நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு கதையும் உண்டு. ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ரோதென்ஸ்டைன் 1910இல் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ வீட்டுக்குப் போனபோது அங்கிருந்த ரவீந்திரநாத்தின் முகம் அவரை ஈர்த்தது. வரைய அனுமதி கேட்டார். அவர் அப்போது அறிந்தது ஒரு முகத்தை. அந்த மனிதரின் கவிதையை அல்ல. இரண்டு ஆண்டுகள் கழித்து லண்டனுக்கு வந்த தாகூர், கீதாஞ்சலியின் ஆங்கிலக் கையெழுத்துப் பிரதியை ரோதென்ஸ்டைனிடம்தான் கொடுத்தார். அவர் அதைக் கவிஞர் யேட்ஸிடம் சேர்த்தார். 1912இல் இந்தியா சொசைட்டி வெளியிட்ட முதல் பதிப்பின் முகப்பில் ரோதென்ஸ்டைன் வரைந்த தாகூரின் முகம் இருந்தது. நூலே அவருக்குக் காணிக்கை ஆக்கப்பட்டது. 1915இல் அவர் வரைந்த ஆறு தாகூர் படங்கள் தனித் தொகுப்பாகவும் வந்தன. ஒரு பென்சில் படத்துக்காகத் தொடங்கிய பழக்கம் ஓர் இலக்கிய வரலாற்றின் வாசலைத் திறந்தது.

சென்னையின் கோடுகள்

தமிழ்நாட்டில் முக ஓவியம் என்றதும் நினைவுக்கு வருகிற பெயர் கே.எம். ஆதிமூலம். 1938இல் திருச்சி மாவட்டத்தின் கீராம்பூரில் பிறந்து, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். 1969இல் காந்தி நூற்றாண்டு வந்தபோது காந்தியைக் கருப்பு வெள்ளையில் ஏறத்தாழ நூறு படங்களாக வரைந்தார். சூட்டும் கோட்டும் அணிந்த இளம் வழக்கறிஞர் முதல் மேலாடையில்லாத முதியவர் வரை ஒரே மனிதரின் வாழ்க்கை முழுவதும் அந்த வரிசையில் வந்தது. அடர்ந்து பின்னிய கோடுகள் சில இடங்களில் இருளாகத் திரளும். சில இடங்களில் தாளின் வெண்மை மட்டுமே முகமாக நிற்கும். பின்னால் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அதற்கு வரைந்தவரும் அவரே. தமிழ் எழுத்தாளர்கள் பலருடைய முகங்களை நவீன வாசகர்கள் அவர் கோடுகளின் வழியாகவே மனத்தில் வைத்திருக்கிறார்கள். 2008இல் அவர் மறைந்தார்.

அவருக்கு முன்னும் பின்னும் தமிழ்ப் பத்திரிகை உலகம் மைக்கோட்டால்தான் நடந்தது. கல்கிக்கு மணியம், ஆனந்த விகடனுக்குக் கோபுலு, கோயில் சிற்பங்களைத் தாளில் இறக்கிய சில்பி என்று வாரந்தோறும் படங்கள் வந்தன. வாசகர் கையில் சேர்ந்தது அச்சுப் பிரதி. அசல் படம் பத்திரிகை அலுவலகத்தில் அச்சுக்கான பிளாக் எடுக்கப் போய், அந்த வேலை முடிந்ததும் அதன் மதிப்பு முடிந்துவிட்டதாகவே அன்று கருதப்பட்டது. சில படங்கள் ஓவியர்களிடம் திரும்பிப் போயின; பல பரணிலும் பழைய காகிதக் கட்டிலும் மறைந்தன. லட்சம் வீடுகளுக்குப் போன படத்தின் மூலம் ஒரே தாள்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அவற்றில் தப்பியதைப் பாதுகாப்பது எவ்வளவு அவசரமான வேலை என்பது புரியும்.

சம்பளக்காரரின் சேகரிப்பு

ஓவியம் சேர்ப்பது பணக்காரர் வேலை என்ற நினைப்பைக் கலைத்தவர்கள் நியூயார்க்கின் ஹெர்பர்ட், டோரதி வோகல் தம்பதி. ஹெர்பர்ட் அஞ்சல் துறை ஊழியர், டோரதி நூலகர். டோரதியின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது, ஹெர்பர்ட்டின் சம்பளத்தில் ஓவியம் வாங்கினார்கள். சம்பளத்துக்குக் கட்டுப்பட வேண்டும், ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற இரண்டே விதிகள். அந்த விதிகளே அவர்களைத் தாளில் வரைந்த படங்களின் பக்கம் கொண்டுபோய் விட்டன. அவர்கள் சேர்த்தவை பெரும்பாலும் அன்றைய இளம் கலைஞர்களின் கோட்டுப் படங்கள். முக ஓவியங்கள் அல்ல. ஆனாலும் அவர்கள் காட்டிய வழி முக ஓவியத்துக்கும் பொருந்தும். புகழ் வருவதற்கு முன்பே ஓவியரின் பணியிடத்துக்குப் போவது, நேரம் செலவழித்துப் பார்ப்பது, கேள்வி கேட்பது. 1992இல் அவர்கள் தங்கள் சேகரிப்பை வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்துக்குக் கொடுக்க முன்வந்தபோது அது ஆயிரக்கணக்கான படைப்புகளாக வளர்ந்திருந்தது. 2008இல் ஐம்பது மாநிலங்களில் உள்ள அருங்காட்சியகங்களுக்கு ஐம்பது ஐம்பதாக 2,500 படைப்புகளைப் பிரித்து வழங்கும் திட்டமும் தொடங்கியது.

ஒரே ஓவியரின் பெரிய வண்ணப் படத்தோடு ஒப்பிட்டால் அவருடைய பென்சில் படம் பொதுவாகக் குறைந்த விலைக்கே கிடைக்கும். கல்லூரி முடித்த ஓரிரு ஆண்டுகளில் இருக்கிற இளம் ஓவியரிடம் இன்னும் எளிது. சென்னையில் அரசு கவின் கலைக் கல்லூரியின் மாணவர் கண்காட்சி, கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி, 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் ஆகிய மூன்றையும் தொடர்ந்து பார்த்துவந்தாலே கண் பழகிவிடும். முதல் படத்தை வாங்குவதற்கு முன் நூறு படங்களையாவது நின்று பார்க்க வேண்டும். பார்க்கப் பார்க்கத்தான் திறமையாக ஒத்திருக்கிற முகத்துக்கும் உயிரோடு இருக்கிற முகத்துக்கும் உள்ள வேறுபாடு பிடிபடும்.

அசலா, அச்சா?

வாங்கும்போது முதல் கேள்வி இது. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். பென்சில் படத்தின் சாம்பல் நிறம் சீரான சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சு. அசல் பென்சில் தடம் தாளின் மேடுகளில் மட்டும் ஒட்டி, பள்ளங்களை விட்டுவிட்டு நிற்கும். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கிராஃபைட் லேசாக மினுங்கும். அச்சு மை அப்படி மினுங்காது. அழுத்தி வரைந்திருந்தால் தாளின் பின்புறத்தில் தடவினால் விரலுக்குத் தெரியும்.

மைப் படத்தில் சிக்கல் கூடுதல். பழைய துத்தநாக பிளாக்கில் அச்சான கோட்டுப் படத்தில் புள்ளிகள் இருக்காது; கோடு முழுக் கருப்பாகவே விழும். அங்கே வேறு அடையாளம் தேட வேண்டும். நிப் தொடங்கிய இடத்திலும் நின்ற இடத்திலும் மை தேங்கிக் கறுத்திருக்கும். தூரிகை காய்ந்துபோன இடத்தில் கோடு பிரிந்து நாராகும். மைக்கு அடியில் முழுதாக அழியாத பென்சில் தடம் தெரியும். பத்திரிகைக்கு வரைந்த படமென்றால் தவறின் மேல் பூசிய வெள்ளை, எந்த அளவுக்குச் சுருக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதிய குறிப்பு, நீல நிறப் பென்சில் கோடு ஆகியவை இருக்கும். வெளிர்நீலம் அச்சுக்கான படச்சுருளில் பதியாது என்பதால்தான் குறிப்புகளை அதில் எழுதினார்கள். படத்தைக் கெடுத்த கறைகளாக இவற்றை எண்ணி அழிக்கச் சொல்பவர்கள் உண்டு. படத்தின் பிறப்புச் சான்றிதழே அவைதான், தொடவே கூடாது.

லித்தோ, லினோகட், எட்சிங் போன்ற அச்சு வகைகளையும் பிரித்து அறிய வேண்டும். தண்டி யாத்திரை காந்தியை நந்தலால் போஸ் 1930இல் செதுக்கிய புகழ்பெற்ற படம் லினோகட் அச்சு. ஓவியரே செய்த அச்சுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அது ஒற்றைத் தாளில் வரைந்த படம் அல்ல. விற்பவர் எதை எதென்று சொல்லி விற்கிறார் என்பதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கையெழுத்தை மட்டும் நம்பக் கூடாது. கோட்டைவிடக் கையெழுத்தைப் போலி செய்வது சுலபம். படம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்தக் கண்காட்சியில் தொங்கியது, எந்த இதழில் அச்சானது என்ற தொடர்ச்சி வேண்டும். அச்சான பக்கம் கிடைத்தால் அசலின் அருகில் வைத்து ஒப்பிடலாம். வாங்கிய ரசீது, ஓவியரின் கடிதம், அவரோடு எடுத்த புகைப்படம் எல்லாம் படத்தோடு சேர்த்து வைக்க வேண்டிய ஆவணங்கள்.

மையின் ஆயுள், தாளின் ஆயுள்

பென்சிலின் கருப்பு கார்பன். 1795இல் பிரான்ஸின் கோன்டே, கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு குழைத்துச் சுடும் முறையைக் கண்டுபிடித்தார். கடினமும் மென்மையும் களிமண் அளவால் மாறின. கார்பன் வெளிச்சத்தில் வெளிறாது. ஓவியர்கள் ‘இந்தியன் இங்க்’ என்று சொல்லும் மையும் புகைக்கரியால் ஆனது; காய்ந்தால் தண்ணீரில் கரையாது, வெளிறாது. சாயத்தில் செய்த ஃபவுண்டன் பேனா மை அப்படியல்ல. பால்பாயின்ட், ஸ்கெட்ச் பேனா இரண்டும் வெயிலில் சில ஆண்டுகளிலேயே மங்கத் தொடங்கும். வாங்கும்போது ஓவியரிடம் எந்த மை, எந்தத் தாள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல ஓவியர் மகிழ்ந்து சொல்வார்.

தாளின் கதை இன்னும் முக்கியம். மலிவான மரக்கூழ்த் தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் அதைப் பழுப்பாக்கி, நொறுங்க வைக்கும். பருத்தியில் செய்த தாள் தலைமுறைகள் தாங்கும். ஆனால் ஓர் ஓவியர் ரயிலில் எதிரில் தூங்கியவரை நோட்டுப் புத்தகத் தாளில் பிரமாதமாக வரைந்திருந்தால் தாளைக் குறை சொல்லி விட்டுவிட முடியாது. வாங்கி, அமிலமில்லாத உறையில் வைத்து, வெளிச்சத்துக்குக் காட்டாமல் காப்பாற்ற வேண்டியதுதான்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரம் பெரிய எதிரி. காற்றின் ஈரப்பதம் ஏறினால் தாளில் பூஞ்சை பிடித்துப் பழுப்புப் புள்ளிகள் விழும். வெளிச்சுவரில் படத்தை மாட்டினால் மழைக்காலத்தில் சுவரின் கசிவு நேரே ஃபிரேமுக்குள் இறங்கும். உள்சுவரில், ஜன்னல் வெயில் விழாத இடத்தில் மாட்ட வேண்டும். தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சமே போதும் என்பது அருங்காட்சியகங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். அது நம் வீட்டுக் கூடத்தின் வெளிச்சத்தைவிட மிகவும் மங்கல். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை படங்களை மாற்றி மாட்டி, மற்றவற்றை இருட்டில் ஓய்வெடுக்க விடுவது நல்லது. ராமபாணப் பூச்சியும் கரையானும் தாளைத் தின்னும் என்பதால் அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபிரேம் கடையில் சொல்ல வேண்டியவை சில. படத்தைப் பசை போட்டு அட்டையில் ஒட்டக் கூடாது. செலோடேப் வேண்டாம், அதன் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளாகும், பிறகு எடுக்க வராது. லேமினேஷன் செய்தால் படம் போய்விட்டதென்றே அர்த்தம். அமிலமில்லாத மவுன்ட் போர்டில், மேல்விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய ஜப்பானியத் தாளையும் கோதுமை மாவுச்சத்துப் பசையையும் வைத்துத் தொங்கவிட வேண்டும். கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி வேண்டும். கரியிலோ மென்மையான பென்சிலிலோ வரைந்ததென்றால் அக்ரிலிக் தகட்டைத் தவிர்க்கலாம். அதில் சேரும் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும்.

தாள் உங்களுடையது, உரிமை?

ஓவியத்தை வாங்கியவர் தாளுக்குச் சொந்தக்காரர். அதை அச்சிடும் உரிமை ஓவியரிடமே இருக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 அந்த உரிமையை ஓவியரின் வாழ்நாளுக்கும் அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கும் தருகிறது. முக ஓவியத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவர் பணம் கொடுத்துத் தம் உருவத்தை வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் வரையச் சொன்னவரே. இரு தரப்பும் முன்கூட்டியே பேசி ஒரு வரி எழுதிக்கொள்வது பின்னால் மனக்கசப்பைத் தவிர்க்கும். 10,000 ரூபாய்க்கு மேல் ஓர் அசல் படம் மறுவிற்பனையானால், 10 சதவீதத்துக்கு மிகாத ஒரு பங்கை ஓவியருக்கோ வாரிசுக்கோ நிர்ணயிக்கவும் இதே சட்டத்தின் 53ஏ பிரிவு இடம் தருகிறது. பட்டினி கிடந்த காலத்தில் விற்ற படம் பிறகு பெருவிலைக்குப் போகும்போது வரைந்தவருக்கும் ஒரு பங்கு சேர வேண்டும் என்ற நியாயம் அது.

வெளிநாட்டுக்கு அனுப்புவோர் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். நூறு ஆண்டைக் கடந்த படம் தொல்பொருள். அதோடு ரவிவர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய், ரவீந்திரநாத், ககனேந்திரநாத், அபனிந்திரநாத் தாகூர்கள், நந்தலால் போஸ், நிக்கோலஸ் ரோரிக், சைலோஸ் முகர்ஜி ஆகிய ஒன்பது பேரின் படைப்புகள் தேசியக் கலைச்செல்வங்கள். அவற்றை நாட்டைவிட்டு வெளியே விற்க முடியாது.

இவை எல்லாவற்றையும்விட எளிதான ஒரு காரியம் அடிக்கடி விட்டுப்போகிறது. படத்தில் இருப்பது யார், வரைந்தவர் யார், எங்கே, எந்த நாளில் என்பதைத் தாளின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதிவைப்பது. வாழும் ஓவியரிடம் வாங்கினால் அவர் கையாலேயே எழுதி வாங்கலாம். வரையப்பட்டவரும் அங்கே இருந்தால் அவரும் கையெழுத்திடலாம். வங்க ஓவியர் முகுல் தே, தாம் வரைந்த பெரியவர்களிடம் படத்திலேயே கையெழுத்து வாங்கும் வழக்கம் கொண்டிருந்தார். பெயர் தொலைந்த முகம் அழகாக இருக்கலாம். ஆனால் அந்தச் சந்திப்பில் பாதி போய்விடும்.

கடைசியாக, சேகரிப்பு யாருக்குப் போகிறது என்பதைச் சேகரிப்பவர் உயிரோடு இருக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. காரைக்குடிக்கு அருகில் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். நூல்களையும் இதழ்களையும் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கியெறிந்த தாள்களையும் தனி மனிதராகச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்தது. 1994இல் சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அதுவே அடித்தளம். பத்திரிகை ஓவியர்களின் அசல் முகங்களைக் கையில் வைத்திருக்கும் குடும்பங்களும் சேகரிப்பாளர்களும் அவற்றைப் பட்டியலிட்டு, நல்ல தரத்தில் படமெடுத்து, இப்படிப்பட்ட ஒரு பொது இடத்தோடு இப்போதே பேசத் தொடங்கலாம்.